இரண்டு எஸ். சந்திரசேகர்கள், இருவரும் இயற்பியலாளர்கள்: கட்டுரைத் தலைப்பை எப்படிப் பிரிப்பது?

தாழ்வாரம்

வணக்கம். நேற்று இரவு நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் நீர்மப் படிகம் (நீர்மம் போல ஓடினாலும் படிகம் போல மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கி நிற்கும் பொருள்) பற்றிய கட்டுரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். 1977இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் குழுவினரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகம் ஆகும் என்று கண்டுபிடித்ததாக அதில் ஒரு வரி இருக்கிறது. தகவல் சரிதான். ஆனால் அந்தப் பெயரைச் சொடுக்கினால் நேராக சிகாகோவுக்குப் போய்விடுகிறோம். வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு வரம்பு கணக்கிட்டு, 1983இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் கட்டுரை அது.

இணைப்பு கொடுத்தவர் மேல் தப்பே இல்லை. கட்டுரைக்கு நாம் வைத்திருக்கும் தலைப்பு 'எஸ். சந்திரசேகர் (இயற்பியலாளர்)'. பெங்களூர்க்காரரும் எஸ்., சந்திரசேகர், இயற்பியலாளர். இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். போதாக்குறைக்கு இருவரும் சொந்தக்காரர்கள். சி. வி. ராமன் முதலாமவரான சிகாகோக்காரருக்குச் சித்தப்பா, இரண்டாமவரான பெங்களூர்க்காரருக்குத் தாய்மாமன்.

இரண்டாமவருக்குத் தனிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். தலைப்பில்தான் தடுக்கி நிற்கிறேன். அப்பா பெயரை விரித்து 'சுப்பிரமணியன் சந்திரசேகர்', 'சிவராமகிருஷ்ண சந்திரசேகர்' என்று வைக்கலாம். அடைப்புக்குறிக்குள் துறையை நுணுக்கமாகச் சொல்லி 'வானியற்பியலாளர்', 'படிக இயற்பியலாளர்' என்று பிரிக்கலாம். இல்லையென்றால் பிறந்த ஆண்டு, 1910, 1930. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, ஆனால் உறுதியாக இல்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

நெட்டைக்கொக்கு

ஆண்டு வேண்டாம். தேடி வருகிறவருக்கு ஆள் பிறந்த ஆண்டு தெரிந்திருந்தால் பாதி கட்டுரையை ஏற்கெனவே படித்தவர் என்று அர்த்தம். வேறு எந்த வழியும் இல்லாதபோது கடைசியாக எடுக்க வேண்டியது அது.

துறை அடைப்பும் இங்கே நிற்காது. முதலாமவர் விண்மீன்களோடு நின்றவர் அல்லர். பாய்மவியல், கருந்துளை என்று பத்தாண்டுக்கு ஒரு துறையாக மாறிக்கொண்டே இருந்தவர். 'வானியற்பியலாளர்' என்று போட்டால் தப்பில்லை, ஆனால் 'இயற்பியலாளர்' என்று யாராவது மறுபடி மாற்றுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விரித்த பெயருக்கு என் ஓட்டு.

புதுவரவு

நான் புதிது, தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நோபல் வாங்கியவருக்கு எதற்கு அடைப்புக்குறி, விரிப்பு எல்லாம்? 'எஸ். சந்திரசேகர்' என்ற வெறும் தலைப்பை அவருக்கே கொடுத்துவிட்டு மற்றவருக்கு மட்டும் அடைமொழி போட்டால் என்ன? பத்துப் பேர் தேடினால் ஒன்பது பேர் அவரைத்தானே தேடுவார்கள்?

நெட்டைக்கொக்கு

//பத்துப் பேர் தேடினால் ஒன்பது பேர் அவரைத்தானே தேடுவார்கள்?//

தேடுகிறவரை மட்டும் பார்க்கிறீர்கள். இணைப்பு கொடுக்கிறவரையும் பாருங்கள். தாழ்வாரம் கண்டுபிடித்த பிழை எப்படி வந்தது? எழுதியவர் பெயரைத் தட்டினார், நீல நிறமாக வந்தது, 'ஆகா, கட்டுரை இருக்கிறது' என்று போய்விட்டார். இணைப்பு இன்னோர் ஆளிடம் போய் நிற்கிறது என்று எந்தத் தானியங்கி நிரலாலும் சொல்ல முடியாது. வெறும் தலைப்பு பக்கவழி நெறிப்படுத்தல் பக்கமாக இருந்தால், அதாவது இன்னின்ன சந்திரசேகர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலாக இருந்தால், அங்கே வந்து சேரும் இணைப்புகளைத் தானியங்கி ஒரு நொடியில் எண்ணிக் கொடுத்துவிடும். ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டு திருத்திவிடலாம்.

மரியாதைக்காக வெறும் தலைப்பைக் கொடுப்பது கோயிலில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி. தலைப்பின் வேலை அது இல்லை.

புதுவரவு

புரிந்தது ஐயா. பரிவட்டம் என்றது கொஞ்சம் சுட்டது. :)

மிளகுரசம்

நெட்டைக்கொக்கு எல்லாருக்கும் அப்படித்தான் வரவேற்பு கொடுப்பார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாழ்வாரம், 'சித்தப்பா', 'தாய்மாமன்' என்று எழுதினீர்களே, அதிலேயே ஒரு பக்கவழி இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நாம் உறவைச் சொன்னாலே ஆள் தனியாகத் தெரிந்துவிடுகிறார். 'எஸ். சந்திரசேகர் (ராமனின் அண்ணன் மகன்)', 'எஸ். சந்திரசேகர் (ராமனின் சகோதரி மகன்)'. விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன், யாரும் கட்டுரையை அந்தத் தலைப்புக்கு நகர்த்திவிடாதீர்கள். ஒரு மனிதரைச் சித்தப்பாவின் நிழலில் தலைப்பிடுவது அநியாயம்.

பெயர் ஏன் ஒன்றாக அமைந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ராமனுடைய அப்பா பெயர் சந்திரசேகர ஐயர். இவர்கள் இருவரும் அவருக்குப் பேரன்கள், ஒருவர் மகன் வழி, இன்னொருவர் மகள் வழி. பேரன் என்றாலே பெயரன்தானே. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள ஊரில் கலைக்களஞ்சியம் நடத்தினால் இந்தத் தலைவலி வந்தே தீரும்.

தாழ்வாரம்

//பேரன் என்றாலே பெயரன்தானே//

இது தோன்றவே இல்லை எனக்கு! இன்னொன்றும் கேளுங்கள். முதலாமவர் 1930 ஆகஸ்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில்தான் நிறை வரம்புக் கணக்கின் முதல் வடிவத்தைப் போட்டார். அதே ஆகஸ்டில்தான் கல்கத்தாவில் அவருடைய அத்தை மகன், அதாவது நம் இரண்டாமவர், பிறந்தார். கட்டுரையில் சேர்க்க இடமில்லை, இங்கே சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

புத்தகப்பூச்சி

தாமதமாக வருகிறேன். தேர்வுத்தாள் திருத்தும் காலம்.

எல்லாரும் அடைப்புக்குறியைப் பெயருக்குப் பின்னால் போடுவது என்ற முடிவோடுதான் பேசுகிறீர்கள். தமிழில் இந்தச் சிக்கலைச் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் எப்போதோ சந்தித்துவிட்டார்கள். அவர்கள் பிரிக்கும் சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்தார்கள்.

புறநானூற்றில் தாமோதரனார் இருவர். ஒருவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார், மற்றவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். வண்ணக்கன் என்றால் நாணயம் நோட்டம் பார்ப்பவர். இது நம்முடைய தொழில் அடைப்பு மாதிரிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. சிலருக்கு ஊர், சிலருக்கு அப்பா. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் ஊர், அப்பாவின் தொழில், உறவு மூன்றும் வந்துவிடுகின்றன.

நம் சந்திரசேகர்களுக்கு நெருங்கியவர்கள் வேறு இருவர் இருக்கிறார்கள். இரண்டு நெடுஞ்செழியன்கள். இருவரும் பாண்டியர், இருவரும் அரசர், இருவர் பெயரிலும் புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டு இருக்கிறது. 'நெடுஞ்செழியன் (அரசர்)', 'நெடுஞ்செழியன் (புலவர்)' என்று நாம் எப்படிப் போட்டாலும் இருவரும் ஒரே அடைப்புக்குள் வந்து விழுவார்கள். தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்றார்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றார்கள். என்ன ஆள் என்பதை விட்டுவிட்டு என்ன செய்தான் என்பதை வைத்துப் பிரித்துவிட்டார்கள். நன்மாறன்களுக்கு அதுவும் போதவில்லை போல. இறந்த இடத்தைப் பிடித்தார்கள்: சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்.

ஆகவே என் முன்மொழிவு, அடைமொழி முன்னால் வரட்டும். 'வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர்'. படிக்கவும் தமிழாக இருக்கிறது.

மிளகுரசம்

'வெண்குறுமீனுக்கு வரம்பு கட்டிய சந்திரசேகர்', 'தட்டுப்படிகம் கண்ட சந்திரசேகர்'. இன்னும் வேண்டுமென்றால் 'சிகாகோத் துஞ்சிய சந்திரசேகர்'. ஆகா, இதை விட்டுவிட்டு ஆண்டு போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நெட்டைக்கொக்கு

ரசித்தேன், உண்மையாகவே. ஆனால் ஏற்க முடியாது.

புறநானூற்றைப் புரட்டுகிறவர் பாட்டைப் படித்துவிட்டு அடியில் இருக்கும் பெயருக்கு வருகிறார். நம்மிடம் வருகிறவர் பெயரோடு வருகிறார். தேடுபெட்டியில் 'எஸ். சந்தி' என்று தட்டும்போதே கீழே எல்லா எஸ். சந்திரசேகர்களும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அடைமொழி முன்னால் இருந்தால் ஒருவர் 'வா' வரிசையில், இன்னொருவர் 'ப' வரிசையில் போய் ஒளிந்துகொள்வார்கள். பெயர் தெரியும், தொழில் தெரியாது என்கிறவருக்கு ஆளே கிடைக்கமாட்டார்.

அடைப்புக்குறி அசிங்கமாக இருக்கிறது என்பது சரி. அது கட்டுரைக்குள் தெரியவே வேண்டாம். இணைப்பில் ஒரு நேர்கோடு (|) போட்டுப் பெயரை மட்டும் காட்டலாம். அது கிடங்கில் மூட்டை மேல் ஒட்டுகிற சீட்டு. பந்தியில் பரிமாறும்போது யாரும் பார்க்கப்போவதில்லை.

புத்தகப்பூச்சி

//அது கிடங்கில் மூட்டை மேல் ஒட்டுகிற சீட்டு//

ஒப்புக்கொள்கிறேன், பாதி. மக்களே முன்னால் வைத்துச் சொல்லும் பெயர்களை என்ன செய்வீர்கள்? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை 'அ. கல்யாணசுந்தரம் (பாடலாசிரியர்)' என்று நகர்த்துவீர்களா? திரு. வி. கல்யாணசுந்தரத்தில் 'திரு' என்பதே திருவாரூர். ஊர் முதலெழுத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. மரியாதைச் சொல் என்று நினைத்து அதை நீக்கிய ஒரு நண்பரை எனக்குத் தெரியும்.

நெட்டைக்கொக்கு

அதில் சண்டையே இல்லை. ஊரறிந்த பெயர் அப்படியென்றால் தலைப்பும் அப்படியே. நாமாகப் புதிய அடைமொழி செய்து முன்னால் ஒட்டக்கூடாது என்பதுதான் என் வாதம். பட்டுக்கோட்டையார் பிறந்தது செங்கப்படுத்தான்காடு என்பதற்காக யாராவது ஊரை மாற்றினால் அதையும் திருப்பிவிடுவேன். பெயரில் இருக்கும் ஊர் பிறந்த ஊராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மிளகுரசம்

சங்கீத உலகத்தில் இந்தக் கவலையே கிடையாது. செம்மங்குடி, அரியக்குடி, உமையாள்புரம் என்று ஊரைச் சொன்னால் போதும், பெயர் தேவையே இல்லை.

ஆனால் ஒரு நல்ல சிக்கல் அங்கேயும் இருக்கிறது. எஸ். பாலச்சந்தர், கே. பாலச்சந்தர். 'பாலச்சந்தர் (இயக்குநர்)' என்றால் யார்? கே. பி. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவர் எஸ். பாலச்சந்தர். அவரும் இயக்குநர்தான், வீணைக் கலைஞர்தான், நடிகர்தான். இங்கே முதலெழுத்து நம்மைக் காப்பாற்றுகிறது. இருந்தாலும் ஊர் வழக்கில் அவர் 'வீணை' பாலச்சந்தர். அந்த 'வீணை' முன்னால் ஒட்டினால் நெட்டைக்கொக்குக்கு ஆட்சேபணை இல்லையே?

நெட்டைக்கொக்கு

'எஸ். பாலச்சந்தர்' என்பதே தனித்து நிற்கிறது. வீணையோடு வருகிறவருக்கு ஒரு வழிமாற்று, அதாவது அந்தப் பெயரில் தேடினால் இந்தக் கட்டுரைக்கே கொண்டுவந்து விடும் பக்கம், வைத்தால் போதும். வழிமாற்றுக்குக் காசு கேட்பதில்லை யாரும். 'இராமகிருஷ்ணன்', 'ராமகிருஷ்ணன்' சண்டையும் அப்படியே, இரண்டையும் உண்டாக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கீரிமலைக்காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். இழையை இப்பத்தான் வாசித்து முடித்தேன்.

நீங்கள் எல்லாரும் 'எஸ்.' என்பதைக் கல்லில் வெட்டிய எழுத்தாகவே எடுத்துக்கொண்டு கதைக்கிறீர்கள். அது ஆங்கில எழுத்து. இங்கே பழைய ஆட்கள் முதலெழுத்தைத் தமிழில்தான் போடுவார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பாருங்கோ: சிறுப்பிட்டி, வைரவநாதர். செல்வநாயகத்தைக்கூட சா. ஜே. வே. செல்வநாயகம் என்றே எழுதுவோம்.

இப்ப உங்கள் இரண்டு பேரையும் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒருவர் சு. சந்திரசேகர். மற்றவர் சி. சந்திரசேகர். சிக்கல் எங்கே போனது? சு, சி, ச, சா, ஷ, ஸ்ரீ எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரு 'எஸ்'ஸுக்குள் போட்டு அமுக்கிவிடுகிறது. அந்த அமுக்கலைத் தமிழில் திருப்பி எழுதிவிட்டு, பிறகு பிரிக்க வழி தேடி மண்டையை உடைக்கிறோம்.

அடைப்புக்குள் போடும் சொல்லும் பொதுவானதில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இயற்பியலாளர், எங்களுக்கு பௌதிகவியலாளர். இங்கே படித்த பிள்ளை 'இயற்பியலாளர்' என்று தட்டித் தேடாது.

புத்தகப்பூச்சி

எழுந்து நின்று கை தட்டுகிறேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

தாழ்வாரம்

//சு, சி, ச, சா, ஷ, ஸ்ரீ எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரு 'எஸ்'ஸுக்குள் போட்டு அமுக்கிவிடுகிறது//

அண்ணா, இது அருமை. ஒரே தயக்கம், பாடப்புத்தகத்திலோ செய்தித்தாளிலோ 'சு. சந்திரசேகர்' என்று நான் பார்த்ததே இல்லை. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், என் பிள்ளைகளில் யாருக்கும் அந்தப் பெயரில் அவரைத் தெரியாது. நாம் ஒரு பெயரை உண்டாக்கி, அதை உலகம் பயன்படுத்துவதுபோல் காட்டலாமா?

கீரிமலைக்காற்று

நியாயமான கேள்வி. மு. கருணாநிதி என்பது போல ஆட்களே எழுதிப் புழங்கிய இடத்தில் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் கட்டுரை எழுதிய விஞ்ஞானிகளுக்கு அந்தப் புழக்கம் இல்லை என்பது உண்மைதான். வழிமாற்றாகவாவது இருக்கட்டும்.

இன்னொன்று, தமிழ் எழுத்து எல்லா நோய்க்கும் மருந்தில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். ஜி. ஜி. பொன்னம்பலத்தை எல்லாருக்கும் தெரியும், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கியவர். அவருடைய மகனும் ஜி. ஜி. பொன்னம்பலம்தான். இருவரும் சட்டத்தரணிகள், இருவரும் அதே கட்சி. ஊர் அவரைக் குமார் பொன்னம்பலம் என்று கூப்பிட்டதால் பிழைத்தோம்.

மிளகுரசம்

முதலெழுத்து என்றாலே அப்பா என்று எல்லாரும் எழுதிக்கொண்டு போகிறீர்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் எஸ். யார்? சண்முகவடிவு, அவருடைய அம்மா. எம். என்பது மதுரை. வை. மு. கோதைநாயகியின் முதலெழுத்துகள் கணவர் வீட்டு வழி வந்தவை. ஆகவே 'முதலெழுத்தை விரிப்போம்' என்று பொது விதி எழுதுகிறவர்கள் பெண்கள் பகுதிக்கு வரும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

எம். எஸ். சுவாமிநாதனின் எம்.கூட மான்கொம்பு என்ற ஊர். விரித்தால் ஊர்ப் பெயரை அவருடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள்.

தாழ்வாரம்

அது இங்கேயும் நடக்கிறது. 'சுப்பிரமணியன் சந்திரசேகர்' என்று தலைப்பிட்டால் நடுவில் யாராவது 'சுப்பிரமணியன் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்' என்று எழுதிவிடுவார்கள். அது அவருடைய அப்பா. அமெரிக்காவில் அவரைச் 'சந்திரா' என்றுதான் அழைத்தார்கள். 1999இல் ஏவிய எக்சு கதிர் விண்ணோக்கிக்கும் அந்தப் பெயர்தான் வைத்தார்கள். கட்டுரையின் உள்ளே 'சந்திரசேகர்' என்றே எழுதவேண்டும் என்று பேச்சுப் பக்கத்தில் குறிப்பு போடுகிறேன்.

நெட்டைக்கொக்கு

அப்படியென்றால் விரித்த பெயர் என்று முடிவா? பொது விதியாக எழுதிவிடலாம்: 'முதலெழுத்து ஒன்றாக இருந்தால் விரித்துப் பிரிக்கவும்.'

புத்தகப்பூச்சி

பொறுங்கள் பொறுங்கள். விதி எழுதும் முன் இதைப் பாருங்கள்: கே. சுப்பிரமணியம்.

ஒருவர் 'பாலயோகினி', 'தியாகபூமி' எடுத்த இயக்குநர், 1904இல் பிறந்தவர். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யத்தின் அப்பா. இன்னொருவர் 1929இல் திருச்சியில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1999இல் கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா.

முதலெழுத்தை விரிப்போமா? இயக்குநரின் அப்பா பெயர் கிருஷ்ணசாமி. அதிகாரியின் அப்பா பெயரும் கிருஷ்ணசாமி!

கீரிமலை அண்ணன் வழியில் தமிழ் எழுத்தில் போட்டாலும் இருவரும் கி. சுப்பிரமணியம்தான். சந்திரசேகர்களுக்குத் தொழில் ஒன்று, அப்பா பெயர் வேறு. சுப்பிரமணியங்களுக்கு அப்பா பெயர் ஒன்று, தொழில் வேறு. முந்தியவர்களுக்கு எழுதுகிற விதி பிந்தியவர்களுக்கு உதவாது.

கீரிமலைக்காற்று

கிருஷ்ணசாமிகள் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டார்கள்.

புதுவரவு

நேற்று 'ஜெய்சங்கர்' என்று தேடினேன், துப்பறியும் பட நாயகன் ஜெய்சங்கர் வந்தார். இப்போது அப்பா பக்கமும் சினிமாவா?

மிளகுரசம்

அமைச்சரைத் தேடினால் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்', அவருடைய அப்பாவைத் தேடினால் 'தியாகபூமி'. நாடாளுமன்றத்தில் யாராவது நம்மைப் பார்த்துக் குறிப்பெடுக்காமல் இருந்தால் சரி.

நெட்டைக்கொக்கு

சரி, பொது விதியைத் திரும்பப் பெறுகிறேன். இயக்குநருக்கு 'கே. சுப்பிரமணியம் (இயக்குநர்)' என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. மற்றவருக்கு அடைப்புக்குள் என்ன? 'வியூகவியலாளர்' என்று இப்போது ஒருவர் வைத்திருக்கிறார். யார் புரிந்துகொள்வார்கள்? தேர்தல் வியூகம் வகுப்பவர் என்று நினைப்பார்கள்.

தாழ்வாரம்

'ஐ.ஏ.எஸ். அதிகாரி' சுலபம், ஆனால் அவருடைய பெயர் நிலைத்தது பதவியால் இல்லை, எழுத்தால். 'பாதுகாப்பு வல்லுநர்' என்றால்?

நெட்டைக்கொக்கு

போதும். பெட்டிக்கடையில் நிற்கிறவருக்கும் புரிகிறது.

புதுவரவு

நான் உண்மையில் இந்த இழைக்கு வந்ததே எஸ். ராமகிருஷ்ணனுக்காக. என் அபிமான எழுத்தாளர், 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். 'எஸ். ராமகிருஷ்ணன்' என்ற வெறும் தலைப்பு அவருக்கு இருந்தது. அதை யாரோ '(எழுத்தாளர்)' என்று நகர்த்திவிட்டார்கள். கோபத்தில்தான் கணக்கே தொடங்கினேன்.

நெட்டைக்கொக்கு

நகர்த்தியது நான்தான்.

புத்தகப்பூச்சி

தம்பி, 'க்ரியா' பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணனைத் தெரியுமா? தற்காலத் தமிழ் அகராதி 1992இல் அவர் வழியாகத்தான் வந்தது. 2020இல் காலமானார். இலக்கிய உலகத்திலேயே இருவர் இருக்கிறார்கள், நூல் மதிப்புரை எழுதுகிறவர்களே குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 2020இல் பத்மஸ்ரீ. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 2003இல் பத்மஸ்ரீ. விருதை வைத்தும் பிரிக்க முடியாது பாருங்கள்.

மிளகுரசம்

ஆய்க்குடிக்காரர் கட்டுரைக்கு ஒருவர் 'மாற்றுத்திறனாளி' என்று அடைப்புப் போட்டு வரைவு வைத்திருந்தார், நான் 'சமூக சேவகர்' என்று மாற்றினேன். 1975இல் கடற்படைத் தேர்வின்போது அவருக்கு விபத்து நடந்தது, அது கட்டுரைக்குள் இருக்கலாம். அடைப்புக்குள் அவர் கட்டி எழுப்பியதுதான் இருக்க வேண்டும். புத்தகப்பூச்சியின் நெடுஞ்செழியன் கணக்கே இங்கே சரி. என்ன செய்தார் என்று பாருங்கள், என்ன நேர்ந்தது என்று பார்க்காதீர்கள்.

புத்தகப்பூச்சி

நன்மாறன்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நேர்ந்ததைத்தானே வைத்தார்கள். ஆனால் நீங்கள் சொல்வது சரி.

புதுவரவு

நான்கு பேர் என்று தெரியாது. கோபம் போய்விட்டது. அந்தப் பட்டியல் பக்கத்தை நானே எழுதட்டுமா?

நெட்டைக்கொக்கு

எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி. யார், எதற்காக அறியப்பட்டவர், பிறப்பு, இறப்பு. ஆண்டு அங்கேதான் பயன்படும். உங்கள் எழுத்தாளருக்கு மட்டும் மூன்று வரி எழுதக் கூடாது.

கீரிமலைக்காற்று

பட்டியல் பக்கம் என்றதும் நினைவு வருகிறது. மானிப்பாயில் முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் 'அபிதானகோசம்' போட்டார், பிறகு சென்னையில் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. சிந்தாமணியைத் திறந்தால் ஒரே பெயர்க்காரர் எல்லாரையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் 1, 2, 3 என்று எண் போட்டு அடுக்கியிருப்பார். அடைப்பும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு பக்கத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பதால் அது நடந்தது.

நெட்டைக்கொக்கு

எங்களுக்கு ஒவ்வோர் ஆளுக்கும் தனி முகவரி வேண்டும். 'எஸ். சந்திரசேகர் 2' என்று இணைப்பு கொடுத்தால், நடுவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்ததும் எண்ணெல்லாம் புரண்டுவிடும். தவிர யார் 1, யார் 2 என்று மறுபடியும் பரிவட்டச் சண்டை வரும்.

தாழ்வாரம்

நான்கு நாளாக வேறு மறுப்பு வரவில்லை, நகர்த்திவிட்டேன். 'சுப்பிரமணியன் சந்திரசேகர்', 'சிவராமகிருஷ்ண சந்திரசேகர்'. சு., சி. இரண்டும் வழிமாற்றாக இருக்கின்றன, கீரிமலை அண்ணா. 'எஸ். சந்திரசேகர்' இப்போது பட்டியல் பக்கம். 'சந்திரசேகர்' என்ற வெறும் பெயர்ப் பக்கத்தில் இயக்குநர் எஸ். ஏ. சந்திரசேகர், வாகை சந்திரசேகர், சுழற்பந்து வீச்சாளர் பி. எஸ். சந்திரசேகர் எல்லாரும் இருக்கிறார்கள். (பந்து வீச்சாளர் டெஸ்டில் எடுத்த விக்கெட் 242, அடித்த ஓட்டம் 167. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதைப் படித்த பிறகு அரை மணி நேரம் வேலை ஓடவில்லை.)

இப்போது 'எஸ். சந்திரசேகர்' பட்டியலுக்கு வந்து நிற்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். நெட்டைக்கொக்கு ஐயா சொன்னது பலித்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரை ஒன்றிலிருந்து ஓர் இணைப்பு வருகிறது: '1967இல் மத்திய அரசில் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராக எஸ். சந்திரசேகர் பொறுப்பேற்றார்.' இவ்வளவு காலமும் அது வானியற்பியலாளரிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

மிளகுரசம்

விண்மீனின் நிறைக்கும் வரம்பு, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. யாருக்கும் சந்தேகமே வராமல் போனதில் ஆச்சரியமில்லை.

புத்தகப்பூச்சி

அவர் மக்கள்தொகை ஆய்வாளர் ஸ்ரீபதி சந்திரசேகர். மூன்றாவது எஸ்.! விரித்த பெயரே போதும், யாரோடும் மோதாது. அடைப்பு வேண்டாம்.

தாழ்வாரம்

நல்லது, 'ஸ்ரீபதி சந்திரசேகர்' என்று உண்டாக்கிவிடுகிறேன்.

கீரிமலைக்காற்று

'சிறீபதி' என்று எழுதினால் என்ன? நாங்கள் சிறீலங்கா என்றே எழுதிப் பழகினவர்கள்.

நெட்டைக்கொக்கு

கிரந்த எழுத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இதைப் பூட்டுகிறேன்.